வாசித்துக் காட்ட முடியுமா?

“எனது குடும்பம்” என்று கட்டுரை எழுதாத மாணவி நம் பாடசாலையில் இருக்க முடியாது. ஆறாம் தரத்தில் தமிழில் எழுதினோம். எட்டாம் தரத்தில் ஆங்கிலத்தில் எழுதினோம். சாதாரண தரத்துக்குப் படிக்கும்போது இரண்டிலும் மனப்பாடமாகவே வந்துவிட்டது. வாப்பா கடின உழைப்பாளி. உம்மா அன்பானவர். மூத்தவாப்பா எங்களுக்கு நல்ல கதைகள் சொல்வார். நாங்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறோம். எங்கள் கொப்பிகளை அடுக்கி வைத்து வாசித்தால், இந்த ஊரில் ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் பிறந்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

இந்த வருடம் உயர்தர வகுப்பின் பொது ஆங்கிலப் பாடவேளையில் டீச்சர் ஒரு புத்தகத்திலிருந்து சில பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்து வந்தார். மைக்கல் ஒண்டாச்சி எழுதிய ‘ரன்னிங் இன் த ஃபெமிலி’. 1982இல் வெளிவந்த புத்தகம். எழுதியவர் 1943இல் கொழும்பில் பிறந்தவர். பதினொரு வயதில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு கனடாவில் குடியேறியவர். வளர்ந்து பெரியவரான பின் 1978இலும் 1980இலும் இலங்கைக்கு வந்து, மாமிமாரையும் பழைய நண்பர்களையும் தேடிப்போய்க் கேட்டு, தன் பெற்றோரின் கதையையும் அவர்களைப் பெற்றவர்களின் கதையையும் எழுதியிருக்கிறார். அவர்கள் பறங்கியர் சமூகம். அதில் சிங்கள, தமிழ் இரத்தமும் கலந்திருக்கிறது.

முதல் நாள் வகுப்பு சிரிப்பில் போனது. அவருடைய தந்தை மேர்வினைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெற்றோர் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புகிறார்கள். கேம்பிரிட்ஜில் நன்றாகப் படிப்பதாக அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். நுழைவுப் பரீட்சையிலேயே அவர் சித்தியடையவில்லை, அனுப்பிய பணத்தில் உல்லாசமாக இருந்திருக்கிறார் என்பது இரண்டரை வருடம் கழித்துத்தான் பெற்றோருக்குத் தெரிகிறது. கப்பலேறி நேரே போய் நிற்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை ஆற்றுவதற்கு மகன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தன்னை நிச்சயம் செய்துகொள்கிறார். ஊர் திரும்பிய பிறகு வேறொரு பெண்ணை நிச்சயம் செய்கிறார். அந்தப் பெண்தான் நூலாசிரியரின் தாய்.

இரண்டாம் நாள் சிரிப்புக் குறைந்தது. அந்தத் தந்தை குடிக்கு அடிமையானவர். ரயிலில் குடித்துவிட்டுச் செய்த கூத்துகள், குடும்பம் பிரிந்தது, கடைசிக் காலத்தில் கேகாலையில் அவர் தனக்குள்ளேயே ஒடுங்கிப்போனது எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. என் பக்கத்தில் இருக்கும் தோழி தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “சொந்த வாப்பாட மானத்த இப்பிடி வாங்கலாமா?”

டீச்சர் பதில் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை எல்லோரும் தங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வர வேண்டும், ஆனால் ஆறாம் தரக் கட்டுரை வேண்டாம் என்றார்.

நாங்கள் முப்பத்துநான்கு பேர். திங்கட்கிழமை வாசித்தபோது முப்பது பேருக்கு மேல் ஆறாம் தரக் கட்டுரையைத்தான் கொஞ்சம் பெரிய ஆங்கிலச் சொற்கள் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்குள்ள மனக்குறையும் அதுதான். வசதியான வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு ரயிலை நிறுத்தினால் அது விருந்துகளில் சொல்லிச் சிரிக்கும் கதையாகிறது. எங்கள் தெருவில் ஒருவர் குடித்தால் அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். மானம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. “வீட்டுக் கதையை வெளியில் சொல்லாதே” என்று உம்மாமார் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது.

ஆனாலும் நான் வேறு மாதிரித்தான் எழுதினேன். அதற்குக் காரணம் மேர்வினின் கேம்பிரிட்ஜ் கதை. வகுப்பில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது உம்மாவின் தையல் மெசின் சத்தம் கேட்டது. அப்போதுதான், என் உம்மாவைக் கடல் கடந்து அல்ல, பஸ்ஸில் அரை மணித்தியாலம் போகும் தூரத்துக்குக்கூடப் படிக்க அனுப்பவில்லையே என்று நினைத்தேன்.

உம்மா 1997ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதினார். கணிதத்தில் நல்ல கெட்டிக்காரி என்று அவருடைய பழைய டீச்சர்மார் இன்றைக்கும் சொல்வார்கள். அவர் படித்த பெண்கள் பாடசாலையில் அப்போது உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை. அடுத்த ஊரில் இருந்தது. மூத்தவாப்பா அனுப்பவில்லை. தையல் பழகினார். சில வருடங்களில் கலியாணம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத கதை இது.

அதைத்தான் எழுதினேன். “என் மூத்தவாப்பா என் உம்மாவின் எதிர்காலத்தைத் திருடிவிட்டார்” என்ற கருத்தில் முதல் வசனம். டீச்சர் சிவப்புப் பேனையால் “துணிச்சலான எழுத்து” என்று எழுதி, வகுப்பில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் வீட்டில் யாரும் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியமும் இருந்தது.

ஊரில் எதுவும் மறைவதில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் உம்மாவிடம் சொல்ல, அவர் தைக்கக் கொடுத்த துணியை எடுக்க வந்த இடத்தில் என் உம்மாவிடம் சொல்லிவிட்டார். இரவு உம்மா கூப்பிட்டார்.

“என்ன புள்ள எழுதின? கொண்டு வா, வாசிச்சுக் காட்டு. தமிழ்ல சொல்லு.”

உம்மாவுக்கு முன்னால் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு முதல் வசனத்தைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்தது! தமிழில் “மூத்தவாப்பா களவெடுத்தார்” என்று சொல்ல வேண்டும். களவெடுத்தார். அரிசி அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சுண்டு கூடப் போடுகிற மனிதர். சுபஹுக்குப் பள்ளிக்குப் போகும்போது என்னைத் தோளில் தூக்கிப் போனவர். அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகியும் ஊரில் அவர் பேரைச் சொன்னால் எனக்கு மரியாதை கிடைக்கிறது. அந்தச் சொல்லை என்னால் உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வேறு வழியில்லாமல் மெல்லச் சொன்னேன்.

உம்மா மெசினை நிறுத்தினார். கோபப்படவில்லை. “அவரு களவெடுக்கல்ல” என்றார். பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத கதையைச் சொன்னார்.

மூத்தவாப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லையாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கையெழுத்து வையுங்கள் என்று கேட்டபோது “நாளைக்குப் பாப்பம்” என்றாராம். மறுநாள் கேட்டால் அதே பதில். அது யுத்தக் காலம். பாதையில் சோதனைச் சாவடிகள். பின்னேர வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிடும். பஸ் வராவிட்டால் பிள்ளை எங்கே நிற்பாள்? ஒவ்வொரு நாளும் “நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லிச் சொல்லியே கடைசித் திகதி போய்விட்டது. படிவம் நிரப்பியபடியே அலுமாரிக்குள் கிடந்து, பிறகு எங்கோ காணாமல் போனது.

“அதே வருசம் அவரு வயலக் குத்தகைக்கிக் குடுத்துத்தான் இந்த ஊட்டுக்குக் கல்லரிஞ்சாரு” என்றார் உம்மா.

நம் பகுதிக்கு வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிழக்கில் நம் சமூகத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்தே தகப்பன் கல்லையும் மண்ணையும் எண்ணத் தொடங்குவார். மூத்தவாப்பாவுக்கு மூன்று பெண் மக்கள். உம்மா கடைக்குட்டி. மூத்த பெரியம்மாவின் வீட்டுக்கு வளவில் ஒரு பாதி போனது. இரண்டாவது பெரியம்மாவின் வீட்டுக்கு வயலில் ஒரு துண்டு போனது. உம்மாவின் வீட்டுக்கு மிச்சமெல்லாம் போனது. நான் கொப்பியை வைத்து “திருடினார்” என்று எழுதிய மேசையும், அந்த மேசைக்கு மேலே இருந்த கூரையும் அவர் போட்டவை. அது என் கட்டுரையில் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் அழுது, உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதே வருடம் மாமா கொழும்புக்குப் படிக்கப் போனார். அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்துவது பெரும்பாலும் வாலிபர்களைத்தான். “பயமென்டா மாமாவுக்கும் பயம்தானே உம்மா? அவர எப்பிடி அனுப்பினாங்க?”

“அது வேற” என்று சொல்லிவிட்டு உம்மா மறுபடி மெசினை மிதித்தார்.

அது வேறு இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். பெற்றவர்களின் குறையை எழுதலாமா? புறம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்பது நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தரப்படுகிறது. சூரா ஹுஜுராத்தில் அது இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடப்பட்டிருப்பதை யாரும் மறக்க முடியாது. ஆனால் இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் இன்னொன்றும் படிக்கிறோம். ஹதீஸ் அறிவிப்பாளர்களை மதிப்பிடும் கலை, ஜரஹ் வத்தஃதீல். இவருக்கு ஞாபக சக்தி குறைவு, இவர் முதுமையில் தடுமாறினார், இவர் பொய் சொன்னவர் என்று அறிஞர்கள் பெயர் குறிப்பிட்டு எழுதி வைத்தார்கள். அதில் நல்ல மனிதர்களும், வணக்கசாலிகளும்கூட அகப்பட்டார்கள். அதை அந்த அறிஞர்கள் புறமாகக் கருதவில்லை. மார்க்கத்தைப் பாதுகாக்கச் செய்த கடமை என்றே சொன்னார்கள். அந்தக் கலையில் எனக்குப் பிடித்தது, அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்பதுதான். குறை சொல்வதற்கும் அளவு வைத்திருந்தார்கள். மறதிக்காரரைப் பொய்யர் என்று எழுதவில்லை.

நான் அந்தத் தவறைத்தான் செய்தேன். பயந்தவரைக் கள்வர் என்று எழுதினேன்.

ஒண்டாச்சியின் புத்தகத்தில் அவருடைய பாட்டி லல்லா நுவரெலியாவில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மௌத்தாகும் பகுதி இருக்கிறது. நடந்ததை நேரில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்த வெள்ளத்தோடு கூடவே போனவர் போல, ஒரு கொண்டாட்டமாக எழுதியிருக்கிறார். இது பொய்தானே என்று வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. நானும் பொய் என்ற பக்கம்தான் நின்றேன். இப்போது அந்த வாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் மிகைப்படுத்துகிறார் என்பது வாசிக்கும் பிள்ளைக்கும் தெரிகிறது. தன்னுடையது வரலாற்று நூல் அல்ல என்று அவரே புத்தகத்தின் முடிவில் சொல்லிவிடுகிறார். எங்கள் முப்பது கட்டுரைகளில் மிகையே கிடையாது. எல்லாம் நம்பக்கூடியவை. ஆனால் அவற்றில் ஒரு வீட்டையாவது யாராவது அடையாளம் காண முடியுமா?

இன்னொரு விடயம். மைக்கலின் அண்ணன் கிறிஸ்டோபரும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 1992இல் வந்தது. அதன் பெயரிலேயே, மட்டக்களப்பு ரயில் பாதையில் நாம் கடந்து போகிற புணானை இருக்கிறது. அங்கே மனிதர்களைக் கொன்று தின்ற ஒரு சிறுத்தையின் கதையைத் தேடி வருகிறவர், கூடவே தன் தந்தையையும் தேடுகிறார். ஒரே தகப்பன், இரண்டு மகன்மார், இரண்டு புத்தகங்கள். இதை டீச்சர் சொன்ன பிறகு நான் மூத்த பெரியம்மாவிடம் போய் உம்மாவின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். “உங்க உம்மாக்கே போக விருப்பமில்ல, பஸ்ஸுக்குப் பயந்தவ” என்றார். மூத்தம்மாவிடம் கேட்டேன். “எனக்கிட்ட யாரு கேட்ட?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே வருடத்தில் இருந்தவர்கள்.

மூத்தம்மா சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மூத்தவாப்பா கையெழுத்து வைக்காததைப் பற்றி எழுதினேன். மூத்தம்மாவிடம் அந்தப் படிவத்தை யாரும் காட்டவே இல்லை என்பது எனக்கும் தோன்றவில்லை.

கட்டுரையை இரண்டாம் முறை எழுதினேன். “திருடினார்” போய்விட்டது. கையெழுத்து வைக்கவில்லை என்று எழுதினேன். நாளைக்குப் பாப்பம் என்பதை எழுதினேன். வயலும் வீடும் வந்தன. மாமா கொழும்புக்குப் போனதும் வந்தது. ஒரு பக்கமாக இருந்தது மூன்று பக்கமானது. டீச்சர் இந்த முறை “துணிச்சல்” என்று எழுதவில்லை, இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தந்தார். முதலாவதற்குக் கிடைத்த கைதட்டலும் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் முதலாவதை என்னால் வீட்டில் வாசிக்க முடியவில்லை. இதை வசனம் வசனமாகத் தமிழில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒண்டாச்சிக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் எழுதிய காலத்தில் தந்தையும் இல்லை, லல்லாவும் இல்லை. கனடாவில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். நாங்கள் எழுதும் ஆட்கள் அடுத்த அறையில் இருக்கிறார்கள். இரவைக்குச் சோறு போட்டுத் தருபவர்களும் அவர்கள்தான். இது தடைதான். ஆனால் அவர்கள் உயிரோடு இருப்பதால் நம் பிழையைத் திருத்துவார்கள். அவரால் தன் தந்தையிடம் கேட்க முடியாமல் போனதை நாம் இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு கேட்கலாம்.

ஆகவே சகோதரிகளே, ஆங்கில வகுப்பில் இப்படியொரு நூலைப் படிக்கும்போது “இதன் கருப்பொருள்கள் யாவை” என்று குறிப்பு எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவிடாதீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள். எழுதியதை யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு, அவருடைய மொழியில், முகத்தைப் பார்த்து வாசித்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் குரல் நிற்கிறதோ அந்த இடத்தில் ஒன்றில் நீங்கள் அநியாயம் செய்திருக்கிறீர்கள், அல்லது வீட்டில் இதுவரை பேசாத ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். எது என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

பெற்றோர்களும் இந்த மலரை வாசிப்பீர்கள். பிள்ளைகள் இப்படிக் கேட்டு வந்தால் “பரீட்சைக்குப் படி, இதெல்லாம் எதுக்கு” என்று அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் கேள்விப்பட்டதை வைத்து எழுதுவோம். அது என் முதல் கட்டுரையைப் போலத்தான் வரும்.

இந்தத் தமிழ்க் கட்டுரையையும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தருகிறேன். மாமாவைப் பற்றிய வசனம் வந்தபோது “அத எழுதத்தான் வேணுமா?” என்றார். இரண்டு நாள் கழித்து, துணிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே “இருக்கட்டும்” என்றார். ஒன்றைச் சேர்க்கவும் சொன்னார்: கணிதத்தில் நல்ல கெட்டிக்காரி என்று மொட்டையாக எழுதாமல் ‘டீ’ எடுத்தது என்று போடட்டுமாம். அந்தக் காலத்தில் அதுதான் அதி திறமைச் சித்தி. போட்டுவிட்டேன். (நான் கலைப் பிரிவு எடுத்ததில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.)

இனி வாப்பா இருக்கிறார். எங்கள் வளவின் கிணற்றடிப் பக்கம் போன மாதம் அத்திவாரம் வெட்டியிருக்கிறார். எனக்கான வீடு. கொந்தராத்துக்காரரோடு நின்று அளந்து, கயிறு பிடித்து, முதல் கல்லை என்னைக் கொண்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். பேராதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொன்னபோது ஒலுவில் கிட்டத்தானே இருக்கிறது என்றார். பிறகு, “நாளைக்குப் பாப்பம்” என்றார்.

அவருக்கும் இதை வாசித்துக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்ற பிறகு அவர் வீட்டில்தான் இருப்பார்.